பொய்யானால் யாருக்கு நஷ்டம்?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அரசியல் விஷயங்களில் பக்கம் சாயாத, நம்பத் தகுந்த தகவலை எங்கே தேடுவது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. பொதுவாகப் பேசினால் இது கைக்கு அகப்படாது. அதனால் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும் காணொளிகள் பரவின. இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள் என்றுகூட ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர் எழுதினார். பாட்னாவில் சட்டமன்றம் அமளியானது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். "கிளம்பி வா, இன்றைக்கே வா" என்று வீட்டில் அழுகை. ஹோலிக்கு ஊர் போகிறவர்களால் ரயில் நிலையங்களில் வருடா வருடம் சேரும் கூட்டத்தைப் படமெடுத்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டார்கள்.

அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு உடனே மறுத்தார். பரவுகிற காணொளிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது, இரண்டும் பழையவை என்று விளக்கினார். வேறு மாநிலங்களில் நடந்த வன்முறையின் படங்களும் இவற்றோடு கலந்திருந்தன. பாட்னாவில் ஒரு வீட்டுக்குள் ஆட்களுக்குக் கட்டுப் போட்டு நடிக்கவைத்து எடுத்த காணொளி ஒன்றும் இருந்ததாகப் பிறகு பீகார் காவல்துறையே சொன்னது.

அந்த வாரம் சமஸ்திபூரிலோ தர்பங்காவிலோ உட்கார்ந்திருந்த ஒரு தாய் யாரை நம்பியிருக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள். அவள் மகன் இங்கே இருக்கிறான். அவளுக்கு இது வாதப் பிரதிவாதம் கிடையாது.

தமிழ்நாட்டுப் போலீஸ் மறுக்கிறது. மறுக்காமல் வேறு என்ன சொல்லும் என்று அவள் நினைக்கலாம். நியாயமான சந்தேகம். தன் மாநில முதலமைச்சரைப் பார்க்கிறாள். மார்ச் 2ஆம் தேதி நிதிஷ் குமார் வெளியிட்ட குறிப்பில், தாக்குதல் பற்றிப் பத்திரிகைகள் வழியாக அறிந்ததாகத்தான் சொல்கிறார். ஒரு மாநில முதலமைச்சருக்கே அன்றைக்கு ஆதாரம் பத்திரிகைதான். பிறகு பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்த் தொழிலாளர்களிடமே பேசிவிட்டு, பரவியவை பொய்ச் செய்திகள் என்றார்கள். இதையும் அவள் சந்தேகிக்கலாம். பீகாரில் அப்போது ஆண்ட கூட்டணிக்கும் தி.மு.க.வுக்கும் நல்ல உறவு இருந்தது. துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் மார்ச் 1ஆம் தேதிதான் மு.க. ஸ்டாலினின் பிறந்த நாள் கூட்டத்துக்குச் சென்னை வந்திருந்தார்.

இப்படியே போனால் அந்தத் தாய்க்குக் கரையே தென்படாது. ஆனால் அதே நாள்களில் இன்னொரு அறிக்கையும் வந்தது. பா.ஜ.க.வின் அன்றைய தமிழ்நாட்டுத் தலைவர் அண்ணாமலை, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவும் செய்திகள் பொய்யானவை என்றார். அவருடைய கட்சி பாட்னாவில் இதே செய்தியை வைத்துத்தான் அரசை வாட்டிக்கொண்டிருந்தது. செய்தி உண்மையாக இருந்தால் லாபம் அவர் கட்சிக்கு. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து மறுப்பு வருகிறது என்றால், அந்த வாரம் வெளிவந்த அறிக்கைகளில் நான் அதிக எடை கொடுப்பது அதற்குத்தான். அதே அறிக்கையில், வடமாநிலத்தவர் மீதான வெறுப்பை வளர்த்தது தி.மு.க.வினரின் பேச்சுதான் என்றும் அவர் குற்றம் சாட்டினார். அந்தப் பகுதிக்கு நான் அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். போட்டிக் கட்சியைக் குறை சொல்வதால் அவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. ஒரே அறிக்கைதான். ஒரு பாதியைச் சொல்ல அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது, மறுபாதிக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தகவல் சொல்பவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதிலேயே நாம் நேரத்தைச் செலவழிக்கிறோம். பக்கமே இல்லாத மனிதரைத் தேடி அலைந்தால் ஆயுள் போதாது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இவர் சொன்னது பொய்யென்று தெரிந்தால் இவருக்கு என்ன நஷ்டம்? அல்லது, உண்மையைச் சொன்னதாலேயே இவருக்கு என்ன நஷ்டம்? சந்தையில் காய் வாங்கும்போது கடைக்காரர் நல்லவரா என்று நாம் விசாரிப்பதில்லை. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். எடை குறைந்தால் அபராதம் உண்டு என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முன்னனுப்பியவருக்கு அது பொய்யானால் எந்த நஷ்டமும் இல்லை. "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று சொல்லிவிடலாம். முதலில் எழுதியவர் பெயர் அதில் இருக்காது. தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருகிற கட்சிப் பேச்சாளருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். நேற்று சொன்ன எண் தவறு என்று இன்று அவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, நாளைக்கும் அதே நாற்காலி காத்திருக்கும். இந்த இரண்டிலும் அரசியல் கற்றுக்கொள்ள முயல வேண்டாம் என்பதே என் கருத்து. இதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

நாளிதழ் வேறு. வீட்டுக்குப் போனதும் கையில் இருக்கும் நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். அச்சிட்ட இடத்தின் முகவரியும் இருக்கும். 1867ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 2023இல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆங்கிலேயர் இதைப் போட்டது பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான். ஆனால் அந்தப் பொடி எழுத்து வாசகனுக்கும் பயன்பட்டது. பொய் எழுதினால் யார் மேல் வழக்குப் போடுவது என்று தெரிகிறது.

நம் ஊரில் கட்சிப் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. விடுதலை, முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர் என்று நீண்ட மரபு அது. இவற்றைப் படிப்பது தவறு என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. முரசொலியை எடுப்பவருக்கு அது யார் வீட்டுப் பத்திரிகை என்று தெரியும், அதற்கேற்பத் தள்ளிப் படிப்பார். எனக்குப் பயம் தருவது பக்கத்தை மறைத்துக்கொண்டு வருகிற எழுத்து. 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது ஒரே வாசகம் கொண்ட புகழுரைகள் வெவ்வேறு நாளிதழ்களில் செய்தி என்ற பெயரில் வெளிவந்ததை பி. சாய்நாத் 'தி இந்து'வில் எழுதி அம்பலப்படுத்தினார். காசு கொடுத்து வாங்கிய செய்திகள் அவை. இந்தியப் பத்திரிகை மன்றம் இதை விசாரிக்கப் பரஞ்சாய் குஹா தாகூர்தா, சீனிவாஸ் ரெட்டி என்ற இருவரை நியமித்தது. அவர்கள் பத்திரிகைகளின் பெயரோடு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். மன்றம் 2010இல் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஊழலைப் பற்றிய அறிக்கைக்கே இந்தக் கதி.

ஒரு நாளிதழை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அது தன் பிழையைத் தானே அச்சிடுகிறதா? 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006இல் வாசகர்களின் புகாரை விசாரிப்பதற்கென்றே தனி ஆசிரியரை நியமித்தது. நேற்றைய இதழில் இந்தப் பெயர் தவறு, இந்த எண் தவறு என்று தேதி போட்டு அச்சிடுவதில் பத்திரிகைக்குக் கொஞ்சம் மானக்கேடு உண்டு. அந்த மானக்கேட்டுக்கு அஞ்சித்தான் அடுத்த நாள் கவனமாக எழுதுவார்கள். தமிழ் நாளிதழ்களில் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். நாம் கடிதம் எழுதிக் கேட்காததும் ஒரு காரணம்.

செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிற காகிதங்களுக்கு வருகிறேன்.

தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26இல் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். சொத்து, கடன், மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ளது, நிலுவையில் உள்ள வழக்குகள், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். இது எந்தக் கட்சியும் விரும்பிக் கொடுத்தது கிடையாது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடனே நாடாளுமன்றம் அந்த உத்தரவை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் அந்தத் திருத்தப் பிரிவையும் நீதிமன்றம் ரத்து செய்தது. பத்திரத்தில் பொய் சொன்னாலோ மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அதைப் படிக்கும் முறை தெரிய வேண்டும். "இவர் மேல் பன்னிரண்டு வழக்கு" என்று ஒரு சுவரொட்டி சொல்லும். பத்திரத்தைத் திறந்தால் பத்து வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகளில் இருக்கும். அதாவது சாலை மறியல், தடையை மீறிக் கூடியது. பேருந்துக் கட்டணத்தை எதிர்த்தும் காவிரிக்காகவும் தெருவில் உட்கார்ந்தவர் எவருக்கும் இந்த எண்கள் பழக்கமானவை. இன்னொருவர் மேல் ஒரே வழக்குதான் இருக்கும், ஆனால் அது 420 ஆக இருக்கும், ஏமாற்றியது. ஒற்றை வழக்கு பன்னிரண்டைவிடக் கனமானது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, அதனால் புதிய பத்திரங்களை இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். சொத்து மதிப்பு அவரவர் போட்டதுதான், அதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒரே மனிதரின் 2016 பத்திரத்தையும் 2021 பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பேச்சாளரும் சொல்லாததை அந்த இரண்டு காகிதமும் சொல்லும்.

அடுத்தது நாடாளுமன்றக் கேள்வி பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியில்லாதவை 230 வரை வரலாம். குறியில்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். அமைச்சர் கூட்ட மேடையில் சொல்வதற்கும் அவையில் எழுதிக் கொடுப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவையைத் தவறாக வழிநடத்தினால் உரிமை மீறல் பிரச்சினை எழும். அதனால் அந்தப் பதில்களில் சுருக்கமும் நழுவலும் இருக்கும், அப்பட்டமான பொய் அரிதாகத்தான் இருக்கும். நழுவலும்கூட ஒரு தகவல்தான். கோவிட் ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் செத்துப்போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் கேட்டார்கள். அப்படி ஒரு விவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் கொடுத்தது. ஊருக்கு நடந்தே போகும் வழியில் ரயில் மோதி இறந்த தொழிலாளர்களின் ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததை நாடே பார்த்திருந்தது. அவர்களை எண்ணவில்லை என்று அரசே எழுதிக் கொடுத்த காகிதம் அது. அந்த ஒரு வரியைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்த எதிர்க்கட்சியும் எழுதவில்லை.

தமிழ் மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தைத் தமிழிலேயே வைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எந்த அணையில் என்ன வேலை, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதெல்லாம் அதில் கிடைக்கும். புகழ்ச்சி நிறைய இருக்கும், அதைத் தாண்டிவிட்டு அட்டவணைகளுக்குப் போங்கள். நிதிநிலை ஆவணத்தில் மூன்று வகை எண்கள் வரும். வரப்போகும் ஆண்டுக்கு மதிப்பீடு, நடக்கும் ஆண்டுக்குத் திருத்த மதிப்பீடு, கடந்துபோன ஆண்டுக்குக் கணக்கு. தலைப்புச் செய்தியில் வருவது முதல் எண். உண்மையில் செலவானது மூன்றாவது எண், அதை எவரும் தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை. ஒரு திட்டத்துக்கு மேடையில் அறிவித்த தொகையையும் இரண்டு வருடம் கழித்துக் கணக்கில் வந்த தொகையையும் ஒப்பிடத் தெரிந்த பத்து பேர் ஒரு தொகுதியில் இருந்தால், அந்தத் தொகுதியில் பிரச்சாரமே வேறு மாதிரி நடக்கும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான உதாரணத்துக்குப் போகிறேன். தமிழ்நாட்டில் 2ஜி என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் ஒரு எண் தெரியும். தி.மு.க. அமைச்சர் ஒருவரின் காலத்தில் தொலைபேசி அலைக்கற்றை உரிமம் கொடுத்ததில் அரசுக்கு இழப்பு என்று சொன்ன ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி. அந்த எண் வந்த இடம், இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் வினோத் ராய் காலத்து அறிக்கை. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த எண்ணை வைத்து ஆட்சிகள் ஆட்டம் கண்டன, தேர்தல்கள் நடந்தன. ஆனால் அறிக்கை ஒரே எண்ணைச் சொல்லவில்லை. எஸ் டெல் என்ற நிறுவனம் தர முன்வந்த விலையை வைத்துப் பார்த்தால் 67,364 கோடி. 2010இல் நடந்த 3ஜி ஏல விலையை வைத்துப் பார்த்தால் 1,76,645 கோடி. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் தங்கள் பங்குகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த விலையை வைத்துப் பார்த்தால் 57,666 கோடியும் 69,626 கோடியும். எல்லாம் உத்தேசக் கணக்கு என்றும், தொகை எவ்வளவு என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு என்றும் அறிக்கையே சொல்கிறது. துறையின் பதிலும் அதே அறிக்கைக்குள் அச்சாகியிருக்கிறது. தணிக்கை அறிக்கைகளை நான் மதிக்க முதற்காரணம் அதுதான். குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதுகிற எழுத்து அது. சி.பி.ஐ. 2011இல் குற்றப்பத்திரிகை போட்டபோது 30,984 கோடி என்றது. அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் இழப்பே இல்லை என்றார்.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. வழங்கிய முறை தன்னிச்சையானது என்றது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தார். குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றார். சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு முறைகேடான நிர்வாக முடிவு வேறு, அதில் லஞ்சம் வாங்கியதாக நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு. ஆனால் டீக்கடையில் தி.மு.க.காரர் கையில் 2017 தீர்ப்பு மட்டும் இருக்கும். மற்றவர் கையில் 2012 தீர்ப்பும் அந்தப் பெரிய எண்ணும் மட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே கையில் வைத்திருப்பவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. அவரைத்தான் நான் தகவல் அறிந்தவர் என்பேன்.

இன்றைக்கு ஓடுகிற ஒரு எண்ணுக்கும் இதைப் பொருத்திப் பார்ப்போம். தமிழ்நாடு கொடுக்கிற ஒரு ரூபாய்க்குத் திரும்பி வருவது 29 காசு. மேடைகளில் கேட்டிருப்பீர்கள். நானும் ஒன்றிய அரசின் நிதிப் பகிர்வு நியாயமாக இல்லை என்று கருதுகிறவன்தான், அதனால்தான் இந்த எண்ணை இன்னும் கடுமையாகச் சோதிக்க விரும்புகிறேன். வகுத்தல் கணக்கில் மேலே என்ன, கீழே என்ன என்று கேட்க வேண்டும். மேலே வரிப் பகிர்வு மட்டும்தானா, மானியங்களும் உண்டா, ஒன்றிய அரசு இங்கே நேரடியாகச் செய்கிற செலவு உண்டா? கீழே வருமான வரியும் கம்பெனி வரியும் இருக்கின்றன. கம்பெனி எங்கே பதிவாகி வரி கட்டுகிறதோ அந்த மாநிலக் கணக்கில் அது ஏறும், லாபம் எங்கே வந்தாலும் சரி. மும்பையில் தலைமையகம் வைத்த கம்பெனி கோயம்புத்தூரில் விற்ற சரக்கின் லாபத்துக்கு வரி மகாராஷ்டிரத்தின் பெயரில் போகும், சென்னைக் கம்பெனி லக்னோவில் விற்றதற்கான வரி நம் பெயரில் வரும். இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் 29 என்பது மேலேயும் போகும், கீழேயும் போகும்.

யாரும் அசைக்க முடியாத எண்கள் நிதிக்குழு அறிக்கைகளில் இருக்கின்றன. பகிர்ந்துகொள்ளும் வரியில் தமிழ்நாட்டின் பங்கு 12ஆவது நிதிக்குழுவில் 5.305 சதவீதம், 13ஆவதில் 4.969, 14ஆவதில் 4.023, 2021 முதல் 2026 வரையிலான 15ஆவதில் 4.079. இந்த நான்கு எண்களை எந்தக் கட்சியும் மறுக்க முடியாது. இவற்றோடு இன்னும் இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 14ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கான மொத்தப் பங்கை 32இலிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது, அது ஒன்றிய அரசு தரப்புக்குச் சாதகம். செஸ், கூடுதல் வரி ஆகியவை பகிர வேண்டிய தொகைக்கு வெளியே நிற்கின்றன, அது மாநிலங்களின் புகாருக்குச் சாதகம். 29 காசைவிட இது மேடையில் சொல்லக் கடினம். கைதட்டலும் வராது. ஆனால் எதிர்த்தரப்பு நிபுணர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் இதைக் கையில் வைத்திருப்பவரை அவரால் புறந்தள்ள முடியாது.

அரசின் காகிதம் என்றால் எல்லாவற்றையும் நம்பிவிடலாமா என்று நீங்கள் கேட்க வேண்டும். நம்பிவிட முடியாது. எதை எண்ணுவது, எண்ணியதை எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்வது ஆட்சியில் இருப்பவர்கள். 2017-18ஆம் ஆண்டுக்கான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் வேலையின்மை 6.1 சதவீதம் என்று வந்தது. அறிக்கை தயாராகி, தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்த பிறகும் அரசு வெளியிடவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் தற்காலிகத் தலைவராக இருந்த பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். அதன் பிறகே 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழ் அந்த எண்ணை வெளியிட்டது. அரசு மறுத்தது. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31ஆம் தேதி, அதே 6.1 சதவீதத்தை அரசே வெளியிட்டது. அந்த ஜனவரியில் உங்களுக்கு எந்த எண்ணும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் நாற்காலியை விட்டு எழுந்து போகிறார்கள் என்ற ஒன்று மட்டும் தெரியும். அதுவே போதும். மறைக்கப்படுவது கனமானது என்று ஊகிக்க அந்த ராஜினாமாக் கடிதமே ஆதாரம்.

உண்மை சரிபார்க்கும் அமைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் அமைப்புகள் சில நல்ல வேலை செய்கின்றன, மூலக் காணொளி எங்கிருந்து எடுத்தது என்று வழியைக் காட்டிவிட்டு முடிவைச் சொல்கின்றன. அந்த வழியை நாமே நடந்து பார்க்கலாம். ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் தமிழ்நாடு அரசும் தத்தமக்குச் சரிபார்ப்புப் பிரிவு வைத்திருக்கின்றன. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று அரசே முத்திரை குத்துவதை நான் மறுப்பு அறிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்த அரசாக இருந்தாலும் சரி.

கடைசியாக, நமக்கு வலிக்கிற இடம். திருப்பூரைப் பற்றிப் பொய் பரவியபோது நமக்கெல்லாம் கோபம் வந்தது. அதே திருப்பூரில் அதற்குச் சில வாரம் முன்பு, வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துகிற காணொளி ஒன்று தமிழில் சுற்றியது. ஒரு தகராறின் சில நொடிகள் அவை. அதை வைத்து ஒரு மாநிலத்து மக்கள் முழுவதையும் ஆபத்தானவர்களாகப் பேசியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மார்ச்சில் பீகாரில் நடந்தது அதன் மறுபக்கம். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரத் திட்டத்தின் விஷயத்திலும் அப்படியே. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து, பட்டியலை வெளியிட வைத்தது. அதிகம் பெற்றது பா.ஜ.க. தமிழ்நாட்டில் அதை எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதுதான். அதே பட்டியலில் அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது லாட்டரி நடத்தும் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடிக்கு. அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனது. இந்த விவரம் நமக்குத் தெரியக் காரணம், நன்கொடை கொடுத்தவரின் பெயரைத் தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் சொன்னதுதான். பெரும்பாலான கட்சிகள் சொல்லவில்லை. லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில் லாட்டரிப் பணம் வாங்கினீர்களே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மறைக்காமல் சொன்னார்களே என்று குறித்துக்கொள்ளும் கடமையும் உண்டு.

கிடைக்காத காகிதத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம், அதுவும் அவர் சொந்தப் பணத்திலிருந்து. கேள்வியைச் சின்னதாக, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தெருவின் சாலைப் பணிக்கான ஒப்பந்த நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் வேண்டும்" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

நூலகர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். இங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தினமும் வரும் தம்பி தங்கைகள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த ஆவணங்களின் பெயர்கள் ஏற்கெனவே தெரியும், பாடமாகப் படிக்கிறார்கள். ஓர் அலமாரி ஒதுக்குங்கள். நம் தொகுதியில் கடந்த மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள், பள்ளிக் கல்வி, மருத்துவம், நீர்வளம் ஆகிய துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள், நகராட்சியின் வரவு செலவு, தமிழ்நாடு பற்றிய தணிக்கை அறிக்கைகள். இவ்வளவையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தால் ஒரு தட்டு நிறையும். இன்றைக்கு நீங்கள் எனக்குத் தருவதாகச் சொன்ன பயணப்படியை அச்சுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்தலின் பத்திரங்களிலிருந்து தொடங்குங்கள், பழையவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.